சராசரி என்னும் புனைவு: மத்தூர்க் குறிப்புகள்

வருமானத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லைகளின் வரலாற்றையும் எழுதியாக வேண்டும். மத்தூர் அடங்கிய பாராமகால் 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. ஓசூர் மேட்டுநிலம் 1799இல்தான் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரியைப் பரிசோதித்தது பாராமகாலில். நிலத்தைத் தரம்பிரித்து, குடியானவன் ஒவ்வொருவனையும் தனி வரிக்கணக்காக்கினார்கள். பட்டா இல்லாதவர்கள் கணக்குக்கு வெளியே நின்றார்கள்.

1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. வானம் பார்த்த பூமி அதற்குச் சம்பாதித்துக் கொடுத்த பெயர் ‘பின்தங்கிய மாவட்டம்’. அந்தப் பெயரால் கிடைத்த தொழில் சலுகைகளில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்ததோ பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் ஓசூருக்கு. 1970களில் சிப்காட், அப்புறம் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். வறுமை ஒரு பக்கம், வறுமையின் பேரில் வந்த சலுகை இன்னொரு பக்கம்.

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஓசூரின் உற்பத்தி தர்மபுரிக் கணக்கிலிருந்து கழிந்தது. மத்தூர்க்காரன் தலைக்கு மட்டும் இன்றும் பங்குபோட்டு எழுதப்படுகிறது. கோடு நகர்ந்தால் சராசரி நகர்கிறது. எந்த அடுப்பிலும் ஒருபிடி அரிசி கூடுவதில்லை.

‘அதான் போச்சம்பள்ளிப் பக்கமே கம்பெனி வந்துடுச்சே’ என்பார்கள் தோழர்கள். வந்திருக்கிறது. ஆனால் நிரந்தர வேலைக்காரர் உள்ள வீடும், ஒப்பந்தக் கூலி உள்ள வீடும், மாங்காய் பறிக்கப் போகிறவளின் வீடும் ஒரே தெருவில் இருக்கலாம், ஒரே பொருளாதாரத்தில் இல்லை. மாங்காய் விலை விழுந்தால் தோப்புக்காரருக்கு நஷ்டம்; அவளுக்கோ அன்றைக்கு வேலையே இல்லை.

ஆகவே சராசரியை ஓர் அரசியல் பிரதியாகவே வாசிக்கிறேன். யாரை யாரோடு கூட்டி வகுத்தார்கள் என்பதே அதனிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.