ரேஷன் அரிசி பணமான கதை

விலைவாசி என்றால் முதலில் அரிசிதான். 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட ஆரம்பித்தார்கள். ஆளுக்கு மாதம் 5 கிலோ என்ற கணக்கு. நெல்லின் ஆதரவு விலையை அரிசிக்கு மாற்றி, அதை 1.25-ஆல் பெருக்கி, மத்திய அரசு ரேஷனுக்கு வைத்த விலையைக் கழித்தால் வருவதுதான் மானியம்.

பணம் என்றால் பிடித்த அரிசியை வாங்கலாம், எடை குறையுமே என்ற பயம் இல்லை. அது நல்லதுதான். ஆனால் ஆதரவு விலைப் பட்டியலில் சாதா, 'ஏ' கிரேடு என இரண்டே ரகம். பொன்னிக்குத் தனி விலை கிடையாது! மூலக்குளத்து மளிகைக் கடையில் பொன்னி விலை ஏறினால், மிச்சத்தைக் கட்டுவது குடும்பத் தலைவிதான். ஆதரவு விலை வருடத்துக்கு ஒருமுறை மாறும், கடைக்காரர் அதுவரை காத்திருப்பாரா?

2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, ரேஷன் கடைகள் மறுபடி திறந்து இலவச அரிசி கொடுத்தன.