மதநம்பிக்கையும் நல்லொழுக்கமும்: மும்பைத் தமிழர் வட்டாரங்கள் தரும் சான்று

கடவுளை நம்புவதால் மனிதர் நல்லவராகிறாரா என்பது உலகத்தின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று. பக்திதான் மனிதரை நெறிப்படுத்துகிறது என்பது ஒரு கட்சி. பக்திக்கும் நடத்தைக்கும் சம்பந்தமில்லை என்பது மறுகட்சி. மும்பையில் தமிழர் மிகுந்து வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் வட்டாரங்களின் வரலாறு இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறது. ஆனால் அதை ஊன்றிப் படிப்பவருக்கு மூன்றாவதாக ஒன்று தென்படும்: 1992–93 மதக்கலவர நாட்களில் ஒருவர் யாரை வணங்கினார் என்பதைவிட, அதற்கு முன்பு யாரோடு ஒரே பாயில் உட்கார்ந்து பேசிப் பழகியிருந்தார் என்பதற்கே எடை அதிகமாக இருந்தது.

கோயில் கட்டியவர்கள்

தாராவி முதலில் கோலி மீனவர்களின் குப்பம். தோல் பதனிடும் தொழில் வந்தபின் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்து சேர்ந்தனர். 1887இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும், ஆதிதிராவிடத் தமிழர் கட்டிய பிள்ளையார் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் அடையாளங்கள். சொந்த ஊரில் பெரிய கோயில்களின் வாசலைத் தாண்ட விடப்படாதவர்கள், வந்த ஊரில் தங்களுக்கென்று ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள் என்பது சாதாரணச் செய்தி அல்ல. நம்பிக்கை இங்கே சுயமரியாதையின் வடிவமாக இருந்தது.

அதே நம்பிக்கைதான் ஊரில் அவர்களை வெளியே நிறுத்தியதும். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றபோது, அவரும் பக்தர், அவரை எதிர்த்துக் கோயிலைப் பூட்டியவர்களும் பக்தர்களே. ஒரே அம்மன் சந்நிதியை முன்வைத்துத்தான் இரு தரப்பும் நின்றன. அறம் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அதைத் தீர்மானித்தது பக்தியின் அளவு அல்ல.

மாதுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் 'ராஜகிருஹ' என்ற வீட்டைக் கட்டி வாழ்ந்த அம்பேத்கர் இந்த முடிச்சைத்தான் வாழ்நாள் முழுவதும் அவிழ்க்க முயன்றார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூல், மதத்தில் ஒழுக்கம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது, தம்மத்திலோ ஒழுக்கமே கடவுளின் இடத்தில் இருப்பது என்று பிரித்துக் காட்டுகிறது. 1940இல் பெரியார் மும்பை வந்து அம்பேத்கரைச் சந்தித்தார். சாதியின் வேர் மதத்தில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்று. ஆனால் பெரியார் மதத்தையே வேண்டாம் என்றார், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் வேறொரு மதத்தைத் தேர்ந்துகொண்டார்.

பந்தல் போட்ட தாதா

பக்தியும் கொடையும் ஒருவரை அறவழியில் நிறுத்திவிடும் என்றால் வரதராஜன் முதலியாரின் கதை நடந்திருக்கக் கூடாது. தூத்துக்குடிக்காரர். விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கிப் பிழைத்த காலத்தில், நிலையத்தை ஒட்டிய பிஸ்மில்லா ஷா பாபா தர்காவில் ஏழைகளுக்குச் சோறு போட்டவர். பிறகு கள்ளச்சாராயமும் கடத்தலும் அவர் கைக்குள் வந்தன. வளர்ந்த பிறகும் அந்தத் தர்காவை அவர் மறக்கவில்லை என்பார்கள். மாதுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே விநாயகர் சதுர்த்திக்கு அவர் போட்ட பந்தல் நகரமே திரண்டு வந்து பார்க்கும் காட்சியாக இருந்தது. 1980களில் காவல் அதிகாரி ஒய்.சி. பவாரின் நெருக்கடியால் சென்னைக்குப் போனவர், 1988 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த மணிரத்னத்தின் 'நாயகன்' அவர் சாயலில் எடுக்கப்பட்ட படம்.

அவர் பக்தியை வெறும் வேஷம் என்று தள்ளிவிடுவது எளிது. உண்மையாகவே நம்பியவர் என்று எடுத்துக்கொண்டால்தான் கேள்வி கூர்மை பெறும். ஏழைக்குச் சோறும் அவரிடமிருந்து வந்தது, சாராயமும் அவரிடமிருந்து வந்தது. இரண்டையும் ஒரே மனம் தாங்கிக்கொண்டது.

1992 டிசம்பர்

1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அன்றே தாராவியில் சிவசேனைக்காரர்கள் 200, 300 பேர் வெற்றிக் கொண்டாட்டமாகச் சைக்கிள் ஊர்வலம் நடத்தி, காலா கில்லாவில் கூட்டம் போட்டதாக, பின்னர் கலவரத்தை விசாரித்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்கிறது. டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக இரு கட்டங்களில் நடந்த கலவரத்தில் மும்பையில் இறந்தவர்கள் 900 பேர் என்பது ஆணையத்தின் கணக்கு: முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275, அடையாளம் தெரியாதவர்கள் 45, பிறர் 5. 1993 மார்ச் 12 அன்று வெடித்த தொடர்குண்டுகள் மேலும் 257 உயிர்களைப் பறித்தன.

இந்த அறிக்கையில் நம் கேள்விக்கு மிக நெருக்கமான பகுதி மகா ஆரத்தி பற்றியது. டிசம்பர் 26இல் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம்வரை தெருக்களில் கூட்டம் கூட்டி நடத்தப்பட்ட வழிபாடு அது. கலைந்து சென்ற கூட்டங்களில் சில, வழியிலிருந்த முஸ்லிம் கடைகளையும் வீடுகளையும் தாக்கின. கற்பூரம் அணைவதற்குள் கல் கையில் ஏறியது.

அந்த அறிக்கையை எழுதியவரும் கோயிலுக்குப் போகிறவர்தான். ஸ்ரீகிருஷ்ணா இறைப்பற்று மிக்க இந்து, சமஸ்கிருதம் கற்றவர். 1996இல் சிவசேனை–பாஜக அரசு ஆணையத்தைக் கலைத்தது, சில மாதங்களில் மீண்டும் அமைத்தது. அவர் அசையாமல் வேலையை முடித்து, 1998இல் ஜனவரிக் கலவரத்துக்குச் சிவசேனையையும் அதன் தலைவர் பால் தாக்கரேயையும் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கினார். ஆரத்தி முடிந்து தீ வைத்தவரும் அவரும் ஒரே மதத்தவர். ஆகவே 'மதம் இப்படிச் செய்யும்' என்று பொதுவாகச் சொல்வதற்கு இங்கே இடமில்லை.

ஆய்வாளர்கள் கண்டவை

1973இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் 40 மாணவர்களைச் சோதித்தார்கள். மாணவர் சொற்பொழிவாற்றப் போகும் வழியில் ஒருவர் துவண்டு கிடப்பார். சிலருக்குக் கொடுத்திருந்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான் நின்றார்கள். உதவுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்தது நேரம்தான்.

2007இல் ஷரிஃப், நோரன்சயான் இருவரும் கடவுள் தொடர்பான சொற்களை நினைவூட்டிய பிறகு முகம் தெரியாதவருக்குப் பணம் பங்கிடச் சொன்னபோது, பங்கேற்றவர்களின் கை தாராளமானது. ஆனால் நீதிமன்றம், குடிமை போன்ற சொற்களும் அதே வேலையைச் செய்தன. இந்த முடிவைப் பின்னாளில் மீண்டும் சோதித்தவர்களுக்கு அதே விளைவு கிடைக்கவில்லை. மதம் சார்ந்த வீட்டுக் குழந்தைகள் பகிர்ந்துகொள்வது குறைவு என்று 2015இல் பரபரப்பாகப் பேசப்பட்ட ஆய்வோ, கணக்கில் பிழை இருந்ததால் 2019இல் திரும்பப் பெறப்பட்டது. அவசரப்பட்டு எந்தக் கட்சிக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

மகா ஆரத்தியை நினைவூட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2009இல் ஜின்ஜஸ் குழுவினர் பாலஸ்தீன முஸ்லிம்களிடம் கேட்டறிந்தபோது, தனியே தொழும் அளவுக்கும் தற்கொலைத் தாக்குதலை ஆதரிப்பதற்கும் தொடர்பில்லை. கூட்டு வழிபாட்டுக்குப் போவதற்கும் அந்த ஆதரவுக்கும்தான் தொடர்பு இருந்தது. கூட்டம் கொடுக்கும் பிணைப்பே கொடைக்கும் காரணம் என்பதை அமெரிக்காவில் புட்னமும் கேம்பலும் 2010இல் காட்டினார்கள்: தர்மம் செய்வதைத் தூண்டியது கோட்பாடு அல்ல, சபையில் கிடைத்த நட்பு.

மொகல்லா கமிட்டிகள்

மும்பைக்குப் பக்கத்திலுள்ள விசைத்தறி நகரமான பிவண்டி 1970இலும் 1984இலும் மதக்கலவரத்தில் எரிந்த ஊர். 1988இல் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே தெருத்தெருவாக இந்து, முஸ்லிம் இரு மதத்தாரையும் சேர்த்து மொகல்லா (குடியிருப்பு வட்டார) கமிட்டிகள் அமைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மும்பை பற்றியெரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. அவ்வூர்க்காரர்கள் மதத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை, பக்தியைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. மாறியது, வதந்தி வந்ததும் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது. அலிகரையும் கோழிக்கோட்டையும் ஒப்பிட்ட அசுதோஷ் வார்ஷ்னே 2002இல் வெளியிட்ட நூலில் இதையே விரிவாக நிறுவினார்: இரு மதத்தாரும் கலந்திருக்கும் சங்கங்கள் உள்ள ஊரில் பொறி நெருப்பாவதில்லை.

மும்பை இந்தப் பாடத்தைக் கலவரத்துக்குப் பிறகுதான் படித்தது. 900 பேர் இறந்தபின் வந்த பாடம் என்பதே இதில் நெஞ்சை அறுப்பது. மும்பையில் மொகல்லா கமிட்டி இயக்கம் உருவானது. காவல் நிலையங்களை ஒட்டி இரு மதத்தாரும் போலீசாரும் கூடிப் பேசினார்கள், இளைஞர்களுக்குக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார்கள். தாராவியில் அந்த வேலையைச் சுமந்தவர்கள் பாவ் கோர்டேயும், துணி தைத்து விற்கும் தொழில் செய்த வகார் கானும். நான்கு மதங்களின் உடையில் தெருச் சிறுவர்களை நிறுத்தி வகார் கான் ஒரு சுவரொட்டி தயாரித்தார். 'நாம் அனைவரும் ஒன்று' என்று இந்தியில் அதில் எழுதியிருந்தது.

இருவரின் நட்பைச் செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூகவியல் கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்கள் அஞ்சலி மொன்டேரோ, கே.பி. ஜெயசங்கர் தம்பதி 2003இல் 'நாத்தா' என்ற ஆவணப்படமாக எடுத்தனர். 'நாத்தா' என்றால் உறவு. வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்து இணைந்த தங்கள் சொந்தக் கதையையும் அவர்கள் அதே படத்தில் சேர்த்துச் சொன்னார்கள்.