ஒரு சொல் குழம்பிய கதை

மலர்க் குழுவினர் "ஏதாவது வரலாறு எழுதுங்க சார்" என்றார்கள். ராஜா, போர் எல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் ஒரு சொல்லின் வரலாற்றை எழுதுகிறேன். தம்பி, தங்கைகள் தினம் நூறு தடவை சொல்கிற 'கன்ஃப்யூஷன்'தான் அது.

லத்தீனில் 'ஃபுந்தெரே' என்றால் ஊற்றுதல். முன்னால் 'கோன்' சேர்த்தால் ஒன்றாக ஊற்றுதல். இரண்டை ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் அப்புறம் எது எதுவென்று எப்படிப் பிரிப்பது? அதுதான் குழப்பம். (நம்ம வீட்டுக் குழம்பும் குழப்பமும்கூட ஒரே வேர்தானே!) கி.பி. 400-ஐ ஒட்டி ஜெரோம் லத்தீனில் தந்த விவிலியத்தில், பாபேலில் கடவுள் மனிதர் மொழியைத் தாறுமாறாக்கியதற்கும் இதே வினைதான் வருகிறது. அதே விவிலியத்தின் சங்கீதங்களில் இதற்கு 'வெட்கப்பட்டுப் போதல்' என்றும் பொருள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பிறகு லத்தீனே கலைந்தது. 813-இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், ஜனங்களுக்குப் புரிய வேண்டுமானால் பிரசங்கத்தை நாட்டுப்புற ரோமானியப் பேச்சிலோ ஜெர்மானியப் பேச்சிலோ சொல்லுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். அவ்வளவு தூரம் பேச்சு விலகிவிட்டது. நம் சொல் மட்டும் இத்தாலியனில் 'கோன்ஃபோந்தெரே', ஸ்பானிஷில் 'கோன்ஃபுந்திர்', பிரெஞ்சில் 'கோன்ஃபோந்த்ர்' என்று வாழ்கிறது. ருமேனியர்கள் பிற்காலத்தில் பிரெஞ்சிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டார்கள். பிரேசிலில் இதன் பெயர்ச்சொல் தெருவில் நடக்கும் ரகளை வரைக்கும் போகும்!

பிரெஞ்சில்தான் விவகாரம். அங்கே 'கோன்ஃப்யூ' என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொண்டால், பெரும்பாலும் 'கூச்சமா இருக்குங்க, மன்னிக்கணும்' என்று அர்த்தம். சங்கீதத்து வெட்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்துக்கு லியோன் நகரிலிருந்து கடிதம் வந்தது. பணம் அனுப்பத் தாமதமானதற்கு 'கோன்ஃப்யூ' என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் ஆங்கில ஞானத்தில் அதைப் படித்து, "கணக்குல குழப்பம்கிறான்யா, பணம் தரமாட்டான்" என்று சரக்கை நிறுத்திவிட்டார். நாற்பது பேருடைய இரண்டு மாத உழைப்பு கிடங்கில் கிடந்தது. பார்ட் ஒன் பாடமாக நம் கல்லூரியில் பிரெஞ்சு எடுத்தவன் அந்த ஆபீஸில் நான் ஒருத்தன்தான். வாங்கிப் படித்தேன். "சார், அவங்க குழம்பல. வெட்கப்படறாங்க" என்றேன். மறுநாள் காலை லாரி துறைமுகத்துக்குக் கிளம்பியது.