அகோரநாதர் வீட்டுப் பெண்

ஹைதராபாத்தில் நாம்பள்ளி ஸ்டேஷன் சாலை வழியே அபிட்ஸ் போகும் நம் அங்கத்தினர்கள் பலர் 'கோல்டன் த்ரெஷோல்ட்' என்ற பழைய வீட்டைக் கடந்திருப்பார்கள். 1974-ல் ஏற்பட்ட ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் இயங்கியது அங்கேதான். காலேஜ் போகிற பிள்ளையோ பெண்ணோ உள்ள நம் வீடுகளில், ராத்திரி எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும், யாரோடு பழகலாம் என்று நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்டால் எனக்கு அந்த வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

வீட்டு எஜமானர் டாக்டர் அகோரநாத் சட்டோபாத்யாயர், வங்காளத்துப் பிராமணர், பிரம்ம சமாஜி. எடின்பரோவில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று வந்து, பின்னாளில் நிஜாம் காலேஜ் ஆன கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1883-ல் சாந்தா ரயில்வே திட்டத்தை எதிர்த்ததற்காகச் சமஸ்தானத்தை விட்டே வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பியவர். அடங்கிப்போகிற சுபாவம் இல்லை.

1879-ல் பிறந்த மூத்த பெண் சரோஜினி (நாம் அறிந்த சரோஜினி நாயுடுதான்) அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். இங்கிலீஷ் பேசமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததற்காக ஒன்பது வயதில் தனி அறையில் அடைக்கப்பட்டாள். தனக்குக் கிடைத்த ஒரே தண்டனை அதுதான் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். 12 வயதில் மெட்ராஸ் மெட்ரிகுலேஷன் தேறியாயிற்று. கணிதமோ விஞ்ஞானமோ படிக்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பெண்ணுக்கு அல்ஜீப்ரா கணக்கு வராதபோது கவிதை வந்தது! 13 வயதில், உடம்பு சரியில்லை, புத்தகத்தையே தொடக்கூடாது என்றார் வைத்தியர். அவரிடம் வீம்புக்காகவே 2,000 வரியில் ஒரு நாடகம் எழுதி வைத்தாள்.

நிஜமான சோதனை 15 வயதில் வந்தது. டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவைத்தான் மணப்பேன் என்றாள். அவர் பிராமணர் அல்ல. இரண்டு குடும்பங்களும் எதிர்த்தன. சின்ன வயது என்று சமாதானம் சொல்லலாம், ஜாதியும்தான் காரணம். சீர்திருத்தக்காரரான அப்பாவே, விஷயம் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது தயங்கினார். (நம்மில் எத்தனை பேர் மேடையில் ஒன்றும் கூடத்தில் ஒன்றும் பேசுகிறோம்!) 1895-ல் நிஜாமின் உபகாரச் சம்பளத்தில், அவள் இஷ்டத்துக்கு விரோதமாக, இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ், பிறகு கேம்பிரிட்ஜில் கர்ட்டன். 1898 செப்டம்பரில் திரும்பியபோதும் மனசு மாறவில்லை. அந்த டிசம்பரிலேயே சென்னையில், வீரேசலிங்கம் பந்துலு முன்னின்று நடத்த, கல்யாணம் ஆயிற்று.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அது 1872-ம் வருஷத்து மூன்றாவது சட்டப்படி நடந்த விவாகம். அந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு 14 வயது நிறைந்தால் போதும். ஆனால் 21 நிறையாதவர்களுக்குத் தகப்பனார் அல்லது கார்டியனின் சம்மதம் வேண்டும். சரோஜினிக்கு அப்போது 19. மேலும் ஒரு வருஷத்துக்குமேல் 'முடியாது' என்று சொல்லிக்கொண்டிருக்க அகோரநாதருக்குச் சட்டமே இடம் கொடுத்தது. அவர் அந்தப் பிடியைப் பிரயோகிக்கவில்லை. மூன்று வருஷம் கடல் கடந்து இருந்துவிட்டு வந்தும் அதே பதிலைச் சொல்கிற பெண்ணிடம் இனி என்ன நிபந்தனை வைப்பது என்று தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

அந்த வீட்டின் பெயர், 1905-ல் வெளியான அவருடைய முதல் கவிதைத் தொகுதியின் பெயர்.