பட்டிக்குப் போன குட்டி

சேலம், நாமக்கல் சமவெளியில் கால்நடைக்குப் பெயர் வைப்பதில் யாரும் குறை வைக்கவில்லை. மேட்டூர், ஓமலூர், தாரமங்கலம் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் வளர்ந்த செம்மறிக்கு மேச்சேரி என்று பெயர். இறைச்சியோடு தோலுக்கும் பேர் போன ஆடு அது. 1978-இல் பொட்டனேரியில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கால் உயர்ந்து, உடம்பெல்லாம் கருத்திருக்கும் வெள்ளாட்டுக்குச் சேலம் கருப்பு என்று பெயர். இந்த ஆடுகளை இரவெல்லாம் காத்துக் கிடந்த நாய்க்குத்தான் பெயர் இல்லை. பட்டி நாய், தோட்டத்து நாய், இன்னார் வீட்டு நாய் என்பதோடு சரி. தெற்கே போனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பெயர் நிற்கிறது. இங்கே அப்படி ஒன்று ஏன் உருவாகவில்லை? நல்ல நாய் இல்லாததால்தான் என்பது சட்டென்று வரும் பதில். அந்தப் பதில் தவறு என்று நினைக்கிறேன். குட்டி தாயை விட்டு எந்த வயதில், யார் கைக்கு, எந்த வேலைக்குப் போகிறது என்பதுதான் ஓர் ஊரின் நாயை உருவாக்குகிறது. அந்தக் கைமாற்றத்தை இந்தச் சமவெளி தன் தேவைக்கேற்ப வேறு வகையாக நடத்தியது. இனப்பெயர் பிறக்காமல் போனது அதன் விளைவு.

நாய்க்கு இருந்த மதிப்புக்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டுக் கல். எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. வீரனின் பெயரைப் பொறித்த அதே கல்லில் நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அது என்ன இனம், எந்த ஊர்க் குட்டி என்று ஒரு சொல்லும் இல்லை. நாயை அடையாளம் காட்ட அதன் பெயரும் செயலும் உடையவனும் போதும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஒரு கல்லை வைத்து ஒரு வழக்கத்தையே நிறுவ முடியுமா என்று கேட்கலாம்; எடுத்தனூர் சேலத்தில் இல்லையே என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். ஒவ்வொரு பட்டியிலும் நாய்க்கு இந்த மரியாதை கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் செங்கம் முதல் தருமபுரி வரை நடுகற்கள் நிறைந்து கிடக்கும் அந்த வட்டாரம் சேலம் மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே இருக்கிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் அங்கே வாழ்வின் பகுதியாக இருந்தன. அங்கே நாயைப் பற்றிப் பேசிய முறைக்கும், பிற்காலத்தில் இங்கே 'பட்டி நாய்' என்று தொழிலைச் சொல்லியே அழைத்த முறைக்கும் ஒரு குடும்ப ஒற்றுமை தெரிகிறது.

இனி குட்டிக்கு வருவோம். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். குட்டி பிறக்கும்போது கண்ணும் காதும் மூடியிருக்கும். உடம்புச் சூட்டைக்கூடத் தானாகக் காத்துக்கொள்ளத் தெரியாது, தாயையும் கூடப்பிறந்தவற்றையும் ஒட்டியே கிடக்கும். 10 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும், அடுத்து காது கேட்கத் தொடங்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பால்பல் முளைக்கும். பல் பட்டதும் தாய் பால் கொடுக்கச் சலித்து எழுந்து போகத் தொடங்கும். மோரில் கரைத்த ராகிக்களியோ கம்பங்கூழோ தட்டில் வந்து சேரும் பருவம் அது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நூல் இந்தப் பருவத்துக்கு விஞ்ஞான விளக்கம் தந்தது. மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ, அவர்களைத்தான் வாழ்நாள் முழுக்கத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். மனிதனோடு பழகினால் மனிதன். ஆட்டோடு பழகினால் ஆடு. அந்தக் காலம் தவறிவிட்டால் பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை.

இதை ஆய்வுக்கூடம் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே ஆட்டுக்காரன் அறிந்திருந்தான். 1833-இல் தென்னமெரிக்காவின் உருகுவே பகுதியில் பயணம் செய்த சார்லஸ் டார்வின், மனிதன் யாரும் அருகில் இல்லாமலே பெரிய ஆட்டு மந்தையை ஓரிரு நாய்கள் காத்து நிற்பதைக் கண்டு வியந்தார். எப்படி இவ்வளவு பாசம் வந்தது என்று விசாரித்து எழுதியும் வைத்தார். குட்டியை மிக இளமையிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை பெண்ணாட்டின் மடியில் பால் குடிக்க விடுகிறார்கள். ஆட்டுக் கொட்டிலுக்குள்ளேயே கம்பளி மயிரால் படுக்கை போடுகிறார்கள். மற்ற நாய்களோடும் வீட்டுப் பிள்ளைகளோடும் சேரவிடுவதில்லை. பெரும்பாலும் விதையடித்தும் விடுகிறார்கள். கடைசிச் செய்தியை நம் கேள்விக்கு முக்கியமானதாகக் கருதுகிறேன். விதையடித்த நாய்க்கு வம்சம் கிடையாது. ஆக, உலகம் வியந்த அந்தக் காவல் நாயின் குணம் தகப்பன் வழியாக வந்ததன்று, வளர்ப்பின் வழியாக வந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு குட்டியைப் புதிதாக எடுத்துப் பட்டிக்குள் விட்டுத்தான் அந்த நாயை உண்டாக்க வேண்டும். சேலம் பக்கத்து ஆட்டுக்காரர் பெண்ணாட்டிடம் நாய்க்குட்டிக்குப் பால் ஊட்டினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் மூங்கில் படல் கட்டி, காடு காடாக மாற்றிக் கிடை போடும் தொழிலில், குட்டியைப் பட்டி ஓரத்தில் கட்டிவைத்து ஆட்டுக்குட்டிகளோடு சேர்த்து வளர்ப்பது இயல்பாகவே அமைந்துவிடும். கூடவே குட்டியை விற்றுக் காசு பார்க்கும் பழக்கமும் கிராமத்தில் இல்லை. பக்கத்துத் தோட்டத்து நாய் சினையாக இருக்கும்போதே, "எனக்கொரு கடுவன் குட்டி வெச்சிருங்க" என்று சொல்லிவைப்பதுதான் வழக்கம். சொல்லிவைத்தவர் வம்சத்தைக் கேட்கவில்லை. தாய் நாய் ராத்திரியில் எப்படிக் குரைக்கிறது, கோழியைத் தொடுகிறதா என்றுதான் பார்த்தார்.

தெற்கில் மட்டும் இனம் ஏன் நிலைத்தது? வேட்டை என்று சொல்வார்கள். கரிசல் வெளியில் முயலைத் துரத்த நீண்ட கால், ஒட்டிய வயிறு கொண்ட நாய் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் முயலும் வேட்டையும் சேலத்திலும் இருந்தன. தேவை மட்டும் இனத்தை உண்டாக்கிவிடாது. குட்டிகள் ஒரு குறுகிய வட்டத்துக்குள்ளேயே கைமாற வேண்டும், வெளி நாய் சேராமல் காக்க ஆளும் வசதியும் வேண்டும். பாளையக்காரர்களும் பெரிய ஜமீன் குடும்பங்களும் செல்வாக்கோடு இருந்த தென்பாண்டி நாட்டில் அது முடிந்தது. சேலத்தின் நில வரலாறு வேறு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து உழவனிடமே நேராக வரி பேசிய ரயத்துவாரி முறையை இங்கேதான் முயன்று பார்த்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமங்களை மிட்டாக்களாக்கி ஏலம் விட்டபோதும், அவற்றில் பல நொடித்து மறுபடி அரசிடமே வந்தன. குமாரமங்கலம் போன்ற ஜமீன்கள் இருந்தனவே என்று ஒருவர் மறுக்கலாம். இருந்தன, ஆனால் மிட்டா என்பது வரி வசூலுக்காக எழுந்த அமைப்பு, படையும் வேட்டைப் பரிவாரமும் வைத்திருந்த பாளையத்தின் வழிவந்ததன்று. ஆகவே இந்தச் சமவெளியில் நாய் சிறு உழவனின் நாயாகவே இருந்தது. இது என் ஊகம்தான். ஆனால் இரண்டு வட்டாரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை வேட்டை என்ற ஒற்றைக் காரணத்தைவிட இது நன்றாக விளக்குகிறது.

மூடிய வட்டத்துக்கு விலையும் உண்டு. வெள்ளை நிறத்தை மட்டும் தேடித்தேடிச் சேர்த்த ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை தெரிந்த குறைதான். எதிர்பார்த்த நிறமும் அமைப்பும் வராத குட்டிகளைப் பிறந்த சில நாளிலேயே கழித்துவிடுவதும், தேறியவற்றுக்குப் பால் போதவேண்டும் என்று மீதியைக் கொல்வதும் தெற்கத்தி வளர்ப்பு வழக்கத்தில் இருந்தன. சேலத்துப் பட்டி இதைவிட இரக்கமுள்ளது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே கழிப்பு வேறு வடிவில் நடந்தது: எல்லோரும் கேட்டது கடுவன் குட்டி. பொட்டைக் குட்டி வருடா வருடம் குட்டி போட்டு நிற்கும் என்ற பயத்தில், சந்தைப் பக்கமோ ஊர் எல்லையிலோ சாக்கில் கட்டிக்கொண்டுபோய் விட்டுவிடுவது தமிழகக் கிராமங்கள் நன்கறிந்த செயல். அப்படி விட்ட குட்டிக்கு என்ன ஆகும் என்பதை மதிப்பிட வங்காளத்து ஆய்வு ஒன்று உதவும். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 95 ஈத்துகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. ஏழு மாத வயதைத் தொட்டவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் பாதிக்கு மேல் மனிதரால் நேர்ந்தவை. வங்காளக் கணக்கை அப்படியே நாமக்கல்லுக்குப் பொருத்த முடியாது என்றாலும், வீடு கிடைக்காத குட்டியின் நிலை இங்கே பெரிதும் மேலாக இருந்திருக்கும் என்று நம்பக் காரணமில்லை. பெயர் இல்லாத நாய் என்று சொல்லும்போது, வளராமலே போன இந்தப் பொட்டைக் குட்டிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நம் காலத்தில் அரசு இனத்தின் பக்கம் நின்றது. 2005-இல் ராஜபாளையம் நாய் அஞ்சல்தலை ஆனது. பிறகு கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவு செய்தது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை நாட்டு நாய்க் குட்டிகளை வளர்த்து விற்கும் பிரிவு ஒன்றை நடத்திவந்தது. அங்கிருந்த நிலைமை பற்றிய புகார்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2010-களின் பிற்பகுதியில் அதை மூடச் சொல்லும் நிலை வந்தது. இனத்தைக் காக்க அரசுப் பண்ணை வேண்டும் என்பவர்கள் இதைப் பெரிய இழப்பு என்றார்கள். அவர்கள் கவலை உண்மையானது. ஆனால் கூண்டில் பிறந்து, எட்டு வாரமும் கூண்டிலேயே கழித்து, பில் போட்டு வாங்கிப்போகும் குட்டிக்கு இனத்தின் உடம்பு மட்டும்தான் வந்து சேரும். ஸ்காட்டும் ஃபுல்லரும் காட்டிய அந்த வாரங்களில் அது பார்த்தது சிமென்டுத் தரையும் இரும்புக் கம்பியும்தான்.

2017-இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது என்கின்றன; பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக்கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. பழைய பட்டிக்காரர், எட்டு வாரம் காத்தால் குட்டி ஆட்டோடு ஒட்டாது என்று வாதிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாவது வாரம் வரை பழகும் வாசல் திறந்தே இருப்பதால் எட்டாவது வாரத்தில் போகும் குட்டிக்கும் இன்னும் நேரம் உண்டு. மேலும் பட்டிக்காரர் அறியாத ஓர் ஆபத்து 1978-க்குப் பிறகு உலகெங்கும் பரவியது: பார்வோ கிருமி. இரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோகும் நோய். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறையும் நாளும் குட்டி புது வீட்டுக்குப் போகும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், தடுப்பூசி போடாத கைமாற்றம் முன்பைவிடப் பல மடங்கு அபாயமானது.

நாமக்கல்லில் 1985-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தபோது, இந்தச் சமவெளியின் பிழைப்பு ஆட்டுப் பட்டியிலிருந்து கோழிப் பண்ணைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கோழிப் பண்ணையில் நாய்க்கு வாயிற்காவல்தான் வேலை. சங்கிலியில் கட்டிய நாய் எந்த மந்தையோடும் பழக வேண்டியதில்லை. பட்டிக்கென்று குட்டி வளர்க்கும் அறிவு அதன் தேவையோடு சேர்ந்து தேய்கிறது. இன்னொரு பக்கம், 2001-லும் பிறகு 2023-லும் வந்த நாய்கள் கருத்தடை விதிகளால் கருத்தடை அறுவை ஊர்ப்புறம் வரை தெரிந்த ஒன்றாகியிருக்கிறது. பொட்டைக் குட்டியை மறுக்கச் சொல்லிவந்த பழைய காரணம், ஒரு மணி நேர அறுவையில் தீரக்கூடியதாகிவிட்டது. ஒரே ஈத்தில் பிறந்த கடுவனுக்கும் பொட்டைக்கும் ஒரே மாதிரி வீடு கேட்க முடிகிற காலம் இந்தச் சமவெளியில் இதுதான் முதல் முறை.