தலையசைக்காத பாண்டியன்

சென்ற வாரம் தருமிக்குப் பொற்கிழி கிடைத்த கதை பார்த்தோம். இந்த வாரம் பொற்கிழி வேண்டாம், ஒரு தலையசைப்புப் போதும் என்று வந்த புலவரின் கதை.

மதுரை சிம்மக்கல்லில் யாரைக் கேட்டாலும் பழைய சொக்கநாதர் கோயிலுக்கு வழி சொல்வார்கள். ஊர் நடுவே அவ்வளவு பெரிய கோயில் இருக்கும்போது சுவாமிக்கு இங்கே எதற்கு இன்னொரு வீடு? கோபித்துக்கொண்டு வந்துவிட்டார் என்கிறது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், 56-ஆவது படலம்.

அப்போது மதுரையை ஆண்டவன் குலேச பாண்டியன். மூடன் என்றால் மன்னித்துவிடலாம். இவனோ சங்கப்பலகையே இடம் கொடுத்த புலவன். வம்பு அங்கேதான் பிறந்தது. கபிலரின் நண்பர் இடைக்காடர் தன் பாட்டைப் பாடி முடித்துவிட்டு அரசன் முகத்தைப் பார்க்கிறார். பாட்டு நன்றாக இருக்கிறது. அது குலேசனுக்கும் தெரிகிறது. தெரிந்ததால்தான் கழுத்து அசையவில்லை. ஏட்டைச் சுருட்டிக்கொண்டு இடைக்காடர் நேரே சொக்கநாதரிடம் போனார். சொல்லும் பொருளுமாக இருப்பவர்கள் அம்மையும் நீங்களும். அவமானம் எனக்கா, உங்களுக்கா என்று கேட்டுவிட்டு வெளியேறினார்.

விடிந்து பார்த்தால் கருவறையில் லிங்கம் இல்லை. அம்மையும் இல்லை. சங்கப் புலவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். வைகைத் தென்கரையில் புதிதாக ஒரு கோயில் இருப்பதாக ஆட்கள் வந்து சொல்ல, பாண்டியன் பதறிக்கொண்டு ஓடினான். உன்மேல் வேறு குற்றம் இல்லை, இடைக்காடனை அவமதித்தாய், அவ்வளவுதான் என்றது அசரீரி. பிறகு இடைக்காடருக்குப் பொன் ஆசனம், உபசாரம் எல்லாம் நடந்தது. சுவாமி வந்து தங்கிய அந்த இடம் வடதிருவாலவாய் ஆனது.

சரித்திரத்தில் குலேசனைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். பாண்டியர் பரம்பரையைச் சொல்லும் வேள்விக்குடிச் செப்பேட்டில் முதுகுடுமி இருக்கிறான், கடுங்கோன் இருக்கிறான், இவன் பெயர் இல்லை. புலவர் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. புறநானூற்றில் இடைக்காடனார் என்று ஒருவர் இருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர்தானா என்பது தனி வழக்கு. ஆனால் 42-ஆம் பாட்டில் அவர் புகழ்வது பாண்டியனை அல்ல, சோழன் கிள்ளிவளவனை!

அடுத்த வாரம் சொக்கநாதர் வலை வீசப் போகிறார், மீனுக்கு.

(தொடரும்)