ஜமல் போரை யார் சொல்லக் கேட்டோம்?



 

ஹிஜ்ரி 36ஆம் ஆண்டு (கி.பி. 656) பஸரா நகருக்கு அருகே முஸ்லிம்களே இரு அணிகளாக நின்று போரிட்ட துயரம் நிகழ்ந்தது. ஒருபுறம் கலீஃபா அலீ (ரலி) அவர்கள். மறுபுறம் அன்னை ஆயிஷா (ரலி), தல்ஹா (ரலி), ஸுபைர் (ரலி) ஆகியோர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டிருந்தார்கள். கொலையாளிகளை உடனே தண்டிக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். முதலில் ஆட்சி நிலைபெறட்டும், பிறகு தண்டனை என்றனர் மறு சாரார். அன்னையார் அமர்ந்திருந்த ஒட்டகத்தைச் சுற்றியே போர் கடுமையாக நடந்ததால் இதற்கு 'ஜமல்', அதாவது ஒட்டகப் போர் என்று பெயர் வந்தது.

இப்போரைப் பற்றி நம்மில் பலரும் உறுதியான கருத்து வைத்திருக்கிறோம். ஒரே வீட்டில் தந்தை ஒன்றும் மகன் வேறொன்றும் கூறி மனம் கசந்துபோவதும் உண்டு. அந்தக் கருத்து நமக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும், நாம் முதலில் படித்த நூலிலிருந்து வந்தது!

ஒரே நூலில் இரு செய்திகள்

வரலாற்றாசிரியர் இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் (இறப்பு: ஹிஜ்ரி 310) தம் பெருநூலில் இப்போர் பற்றிய பல அறிவிப்புகளைப் பதிவு செய்துள்ளார்கள். ஸைஃப் இப்னு உமர் என்பவரின் அறிவிப்பில், கஃகாஃ இப்னு அம்ரு தூது சென்று இரு தரப்பாரையும் சமாதானத்திற்கு இணங்கச் செய்கிறார். அன்றிரவு இரு அணியினரும் நிம்மதியாக உறங்குகின்றனர். உஸ்மான் (ரலி) அவர்களுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் விடியும் முன்பே சூழ்ச்சியாகப் போரைத் தொடங்கிவிடுகின்றனர்.

அதே நூலின் வேறோர் அறிவிப்பில், அலீ (ரலி) அவர்கள் குர்ஆன் ஏட்டைக் கையில் கொடுத்து ஓர் இளைஞரை எதிரணியிடம் அனுப்புகிறார்கள். அவர் கொல்லப்படுகிறார். அதன் பிறகே போர் தொடங்குகிறது.

முதல் செய்தியை மட்டும் படித்தவர் பழி முழுவதையும் கிளர்ச்சியாளர்கள் மீது போடுவார். இரண்டாவதை மட்டும் படித்தவர் பஸரா அணியினர் மீது போடுவார். இருவரும் 'வரலாற்றில் படித்தேன்' என்றுதான் சொல்வார்கள்!

தபரீ (ரஹ்) அவர்கள் இதை அறியாதவர்களல்லர். தமக்கு வந்து சேர்ந்ததை வந்தவாறே தருவதாகவும், ஏற்கத்தகாத செய்தி ஏதும் இருந்தால் அது அறிவித்தவரிடமிருந்து வந்ததே என்றும் முன்னுரையில் எச்சரித்துள்ளார்கள். ஒவ்வொரு செய்திக்கும் அறிவிப்பாளர் தொடரையும் இணைத்தார்கள். எடைபோடும் பொறுப்பு படிப்பவருடையது.

தொடர் நீங்கியபோது

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இப்னுல் அஸீர் (ரஹ்) அவர்கள் (இறப்பு: ஹிஜ்ரி 630) தம் 'அல்காமில்' நூலில் தபரீயின் செய்திகளைக் கோத்து, அறிவிப்பாளர் தொடர்களை விட்டுவிட்டு, சரளமான வரலாறாக எழுதினார்கள். படிக்க எளிதாயிற்று. ஆனால் சொன்னவர் யார் என்பது மறைந்தது. இன்று சிறு நூல்களும் கைப்பேசிக் காணொளிகளும் அந்த வழியிலேயே செல்கின்றன.

பிறரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கஃகாஃ அவர்களின் தூதையும் அந்த இரவின் சூழ்ச்சியையும் இந்த எளியவனும் அறிவிப்பாளர் பெயரைச் சொல்லாமலேயே பல ஆண்டுகள் மிம்பரில் கூறியிருக்கிறேன். மனத்திற்கு ஆறுதல் தரும் செய்தி அது! ஆனால் ஸைஃபை ஹதீஸ் கலை அறிஞர்கள் பலவீனமானவர் என்கின்றனர். ஹதீஸில் பலவீனமானவர் எனினும் வரலாற்றில் அவரைச் சார்ந்திருக்கலாம் என்பது இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் மதிப்பீடு. மறுபுறம், இக்காலப் போர்கள் பற்றி நிறைய அறிவித்த கூஃபாவின் அபூ மிக்னஃபும் பலவீனமானவரே. நமக்குப் பிடிக்காத செய்தி வந்தால் 'பலவீனம்' என்று தள்ளிவிட்டு, பிடித்த செய்தி வந்தால் அறிவிப்பாளரைக் கேட்காமலேயே ஏற்பது நீதியாகுமா? வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு கட்டளையிடும் இறைவசனம் (49:6) நமக்குப் பிடித்த செய்திக்கும் பொருந்தும் அல்லவா?

எஞ்சி நிற்பது

அன்பர்களே! போருக்குப் பின் அலீ (ரலி) அவர்கள் புறமுதுகிட்டோரைத் துரத்தவும் காயமுற்றோரைக் கொல்லவும் தடை விதித்தார்கள். அன்னையாரை மிகுந்த கண்ணியத்துடன் மதீனாவுக்கு அனுப்பி வைத்தார்கள். போரிட்டவர்களே ஒருவருக்கொருவர் காத்த கண்ணியத்தை, பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் படிக்கும் நாம் குலைக்கலாமா? தமக்குள் போரிடும் இரு கூட்டத்தாரையும் அல்லாஹ் 'முஃமின்கள்' என்றே குறிப்பிடுகிறான் (49:9).

ஆகவே பிள்ளைகளிடம் 'இதைப் படிக்காதே' என்று சொல்ல வேண்டாம். நாம் தடுத்தால் வேறெங்காவது அரைகுறையாகப் படிப்பார்கள். அவர்களுடன் அமர்ந்து படியுங்கள். 'இதைச் சொன்னவர் யார்? அவர் எத்தகையவர்? வேறு அறிவிப்பு உண்டா?' என்ற மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுங்கள். தெளிவு கிடைக்காதபோது, உள்ளங்களை அறிந்தவனிடம் தீர்ப்பை விட்டுவிடப் பழக்குங்கள்.

நமக்கு முன் ஈமானுடன் சென்றோருக்காகப் பாவமன்னிப்புக் கேட்பவர்களாகவும், அவர்கள் மீது உள்ளத்தில் குரோதம் இல்லாதவர்களாகவும் (59:10) வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.